குட்டி போட்ட பூனை

ஒருவர் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் அலைந்தால் 'குட்டி போட்ட பூனை மாதிரி' என்கிறோம். பிரசவ அறைக்கு வெளியே உலாவும் கணவன், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை, காதலியின் தெருவில் சைக்கிளில் வட்டமடிக்கும் சினிமா நாயகன் என்று எல்லாருக்கும் இந்த உவமை பொருந்திவிடுகிறது. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் பெண்பிள்ளைகள் மேல்தான் இது அதிகம் விழும். அடுக்களைக்கும் வாசலுக்குமாக நாலு நடை கூடுதலாக நடந்துவிட்டால் போதும், "ஏட்டி, என்ன குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திச் சுத்தி வாரே?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும். அதில் கேலி இருக்கும், கொஞ்சம் சந்தேகமும் இருக்கும். பூனை எதற்காகச் சுற்றுகிறது என்ற கேள்வி மட்டும் இருக்காது.

குட்டி போட்ட பூனை சுற்றுவதற்குக் காரணங்கள் உண்டு. பால் கொடுக்கிற நாட்களில் அதற்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இரை வேண்டும். இரை குட்டிகளின் பக்கத்தில் கிடைப்பதில்லை. போக வேண்டும், போனால் குட்டிகள் தனியாக இருக்கும், அதனால் திரும்பி ஓடிவர வேண்டும். மனிதக் கை பட்டுவிட்டாலோ, நாய் மோப்பம் பிடித்துவிட்டாலோ, கடுவன் பூனை ஒன்று வளைய வந்தாலோ, குட்டிகளைக் கழுத்தில் கவ்வி ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். நான்கு குட்டி இருந்தால் நான்கு பயணம். ஒன்றைக் கொண்டுபோகும்போது மூன்று இங்கே தனியாகக் கிடக்கும். கடைசிப் பயணத்தில் மூன்று அங்கே தனியாகக் கிடக்கும். 'பூனை ஏழு வீடு மாத்தும்' என்று நம் ஆச்சிமார் சொன்னது இதைப் பார்த்துத்தான். பார்த்திருக்கிறார்கள், எண்ணியும் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்த மொழியே இன்னொரு பக்கம் அந்த உழைப்பை வெறும் பதற்றமாகச் சுருக்கி ஒரு சொலவடையாக்கி நம் கையில் கொடுத்திருக்கிறது.

'குட்டி போடுதல்' என்ற வினைச்சொல்லுக்கும் இதே கதிதான். வட்டி குட்டி போடும். வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறுகிறவளைப் பற்றி, அவள் காதுபடவே, "குட்டி போட்டுக்கிட்டே இருக்கா" என்பார்கள். பெறவைத்தவனுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் நான் மேற்கொண்டு பேச வருவது விளங்கும். மூன்று நான்கு வீடுகளில் சாப்பிட்டு, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாமல் ஒரு பூனை இருந்தது. மஞ்சளும் கறுப்பும் வெள்ளையும் கலந்த மூவண்ணப் பூனை. அந்த நிறக்கலவை ஏறக்குறைய எப்போதும் பெண் பூனைகளுக்கே அமையும். அறுவைச் சிகிச்சை செய்யப்படாத பூனை. எதிர்வீட்டு அக்காவின் மாடிப்படிக்குக் கீழே, பழைய கோணிச் சாக்குகளின் மேல் நான்கு குட்டிகள் போட்டது. குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை போன பூனை புதன் காலை வரவில்லை. வியாழனும் வரவில்லை.

தெருவில் பேச்சு எப்படி மாறியது என்பதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். தமிழ் கற்பிக்கிறவளுக்கு இது ஒரு வியாதி. செவ்வாய்க்கிழமை வரை எல்லாரும் அதை 'அது' என்றுதான் சொன்னார்கள். பூனை வந்தது, மீன் தலையைத் தின்றது, போயிற்று. வியாழக்கிழமை அது 'அவள்' ஆகிவிட்டது. "பால்குடிப் பிள்ளைகளை விட்டுட்டுப் போயிட்டா பாருங்க." "கடுவன் ரெண்டு நாளா கத்திக்கிட்டுத் திரிஞ்சுதுல்லா, அது பின்னால ஓடியிருப்பா." "இவள்லாம் ஒரு தாயா?" அஃறிணையாக இருந்த வரைக்கும் அதற்கு ஒழுக்கம் தேவைப்படவில்லை. குற்றம் சாட்ட வேண்டி வந்ததும் உயர்திணையில் ஏற்றி, பெண்பாலில் நிறுத்தி, விசாரித்து, தீர்ப்பும் சொல்லியாயிற்று.

நன்னூல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. திணையும் பாலும் மயங்கினாலும் குற்றமில்லை என்று அது ஏற்கும் காரணங்களில் மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு ஆகியவற்றோடு சினமும் இழிவும் சேர்ந்தே வரும். பள்ளிக்கூடத்தில் நமக்கு மகிழ்ச்சிக்கு மட்டும்தான் எடுத்துக்காட்டுச் சொல்லித் தந்தார்கள். பசுவை அன்பினால் அம்மை என்று அழைப்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். பசு பால் கொடுத்துக்கொண்டு தொழுவத்தில் நிற்கிறது, அம்மை ஆகிறது. பூனை தொழுவத்தில் நிற்பதில்லை. அதை 'அவள்' என்று சொல்ல நமக்குச் சினம் வர வேண்டியிருக்கிறது.

பூனை மீது சொல்லப்பட்ட குற்றத்தில் உண்மைபோலத் தோன்றும் ஒரு துளி இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. கருத்தடை செய்யாத பெண் பூனை, குட்டிகள் பால் மறக்கும் முன்பே மறுபடி பருவத்துக்கு வரக்கூடும். ஈன்று சில வாரங்களிலேயே இது நடப்பதுண்டு. அப்போது அது வெளியே போகும், கத்தும், கடுவன்கள் சண்டையிடும். ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களோடு சேரும், ஒரே ஈத்தில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருப்பதும் உண்டு. ஆனால் பருவம் வந்த பூனை குட்டிகளை மறந்துவிட்டுத் தேசாந்திரம் போவதில்லை. போனாலும் பால் கட்டிய மடி அதைத் திரும்ப இழுக்கும். இரண்டு மூன்று நாள் வராத தாய்ப்பூனைக்கு வேறு விஷயங்கள் நடந்திருக்கும் வாய்ப்பே அதிகம். திறந்திருந்த கார் கூடத்துக்குள்ளோ கிட்டங்கிக்குள்ளோ புகுந்திருக்கும், ஆள் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். வண்டியில் அடிபட்டிருக்கும். நாய்கள் சூழ்ந்திருக்கும். எலிக்கு வைத்த விஷத்தைத் தின்ற எலியைத் தின்றிருக்கும். எங்கள் தெருவில் இவ்வளவு சாத்தியங்களும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. கல்யாணத்துக்குப் போய்ப் பூட்டிக்கிடந்த வீடே இரண்டு இருந்தது. யாரும் முதலில் அந்தக் கதவுகளைப் போய்த் தட்டிப் பார்க்கவில்லை. ஓடிப்போனாள் என்ற கதை ஏற்கெனவே தயாராக இருந்தது. காணாமல் போன பெண்ணைப் பற்றிப் புகார் கொடுக்கப் போகிற தாய்மார் முதலில் எந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள் என்பதை இந்த நூலை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கதவுகளைத் தட்டியது கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மாடிவீட்டுப் பெண். பூட்டிய வீடுகளின் ஜன்னல் வழியே கூப்பிட்டுப் பார்த்தாள். குட்டிகளைத் தூரத்தில் நின்று ஒரு மாலை முழுக்கக் கவனித்தாள். தாய் பக்கத்தில் இருந்தால் குட்டிகள் வயிறு நிறைந்து, சூடாக, சத்தமில்லாமல் உறங்கும். அவை குளிர்ந்து கத்திக்கொண்டிருந்தன. முதலில் சூடு, அப்புறம்தான் பால் என்று கால்நடை மருத்துவர் அவளிடம் சொல்லியிருந்தார், குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. பசும்பால் வயிற்றைப் போக்கடித்துவிடும் என்பதால் குட்டிகளுக்கென்றே வரும் பால்மாவைக் கரைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் துளித்துளியாகக் கொடுத்தாள். பால் கொடுத்த பின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டாள். தாய்ப்பூனை நாக்கால் செய்கிற வேலை அது. அவளுக்கு அந்த வாரம் உள்மதிப்பீட்டுத் தேர்வு. நான்கில் இரண்டு பிழைத்தன. "பூனைக்குட்டியைக் கட்டிக்கிட்டு அழுதா, படிப்பு எங்க ஏறும்?" என்று அவள் அப்பா கேட்டது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. தாய்மையில் தவறியவள் என்று பூனைக்குத் தீர்ப்பு எழுதிய தெரு, அந்தத் தாய்மையைத் தானாக எடுத்துச் செய்த பெண்ணுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தது. மூவண்ணப் பூனை திரும்பி வரவே இல்லை.

இந்தத் தெருவின் இலக்கணம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், நம் பக்தி மரபின் மிகப் புகழ்பெற்ற பூனை ஒன்றின் முன் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வைணவத்தில் தென்கலைக்கும் வடகலைக்கும் பதினெட்டு வேறுபாடுகள் சொல்வார்கள். சாதாரண மக்களுக்கு அதில் இரண்டு விலங்குகள்தான் நினைவிருக்கும். வடகலைக்குக் குரங்கு: குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலைக்குப் பூனை: குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே வந்து கவ்வி எடுத்துக்கொண்டு போகும். சரணாகதிக்கு மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இதற்குப் பெயர். கடவுளின் அருள் தாய்ப்பூனை, உயிர் குட்டி.

அழகான உவமைதான். சிறு வயதில் கேட்டபோது பூனைக்குட்டியாக இருக்கத்தான் எனக்கும் பிடித்திருந்தது. இப்போது வாசிக்கும்போது என் கண் குட்டியை விட்டுத் தாயிடம் போகிறது. இரு கலையாரும் நூற்றாண்டுகளாக வாதாடியது குட்டியின் கடமை பற்றி. பற்ற வேண்டுமா, பற்ற வேண்டாமா? தாயின் இருப்பு பற்றி வாதமே இல்லை. அது அங்கே இருந்தாக வேண்டும். உவமைக்குள் இருக்கும் பூனைக்கு வயிறு கிடையாது, பசி கிடையாது, நாய் பயம் கிடையாது. அது ஒரு வாய் மட்டும். குட்டியைக் கவ்வுவதற்கு என்றே படைக்கப்பட்ட வாய். அதே வாயால்தான் அது எலியையும் கவ்வ வேண்டும் என்பது இறையியலுக்குத் தேவைப்படவில்லை.

கடவுளைத் தாயாக்கிப் பேசுவது பெண்ணுக்கு உயர்வு தருகிறதே என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். ஆணாதிக்கம் மிகுந்த சமயச் சூழலில் அருளுக்கு ஒரு பெண் விலங்கின் உருவம் கிடைத்ததை நான் சிறிதாக எண்ணவில்லை, ராஜாவும் குருவும் தகப்பனும் நிறைந்த உவமைக் கூட்டத்தில் அது ஒரு சாளரம். ஆனால் கடவுளுக்கு ஒப்பாகச் சொல்லப்பட்ட தாயிடம் கடவுளின் குணங்களை எதிர்பார்க்கத் தொடங்குகிறோம். எங்கும் இருக்க வேண்டும், சோரக் கூடாது, வரத் தவறக் கூடாது. தவறினால் அது அருள் இல்லாமை, அதாவது பாவம். கடவுள் வரத் தாமதித்தால் அதைச் சோதனை என்று பொறுத்துக்கொள்கிறவர்கள் பூனைக்கு இரண்டு நாள் அவகாசம் தருவதில்லை.

இதற்கு மாறான ஒரு பார்வை நம்மிடம் வெகு காலம் முன்பே இருந்திருக்கிறது. குறுந்தொகையின் 139-ஆம் பாடல். எழுதியவர் ஒக்கூர் மாசாத்தியார், சங்கப் பெண்பாற் புலவர்களில் ஒருவர். பரத்தையிடம் போய்விட்டு வீடு திரும்பும் தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கிறாள். எங்கள் தெருப் பக்கம் வராதே என்கிறாள். அதற்கு அவள் எடுத்துக்கொள்ளும் காட்சியில் வீட்டுக் கோழி ஒன்று இருக்கிறது. குட்டையான கால்களை உடைய பேடை. மாலை இருட்டும் நேரம், வேலியோரம் காட்டுப் பூனைகள் கூட்டமாக வருகின்றன. எங்கே புகுவது என்று தெரியாத அந்தப் பேடை தன் குஞ்சுகளைக் கூட்டுவதற்காகத் துன்பத்தோடு கத்துகிறது. அந்தக் கத்தல்போல ஊர்ப்பேச்சு எழுகிறது என்பது ஒப்புமை.

வகுப்பில் இதை நடத்தும்போது பெரும்பாலும் திணை, துறை, உவமை என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்தக் குட்டைக் கால்களை விட்டு நகர முடிவதில்லை. பேடையின் உடம்பைப் பார்த்த கண் அது. வேகமாக ஓட முடியாத உடம்பு, பல குஞ்சுகள், ஒளிய இடமில்லாத முற்றம், இருட்டிக்கொண்டு வரும் பொழுது. தாய்மையை இங்கே யாரும் போற்றவில்லை, குறையும் சொல்லவில்லை. ஒரு தாய் எவ்வளவு குறைந்த வசதிகளோடு எவ்வளவு பெரிய ஆபத்தைச் சந்திக்கிறாள் என்பது மட்டும் இருக்கிறது. அது வாசல் மறுக்கும் பெண்ணின் வாயில், ஓர் ஆணிடம் சொல்லப்படுகிறது. வேலிக்கு வெளியே நிற்கும் பூனைகளோடு அவனையும் நிறுத்திவிட்டுத்தான் தோழி பேசுகிறாள் என்று நான் வாசிக்கிறேன். உரைகாரர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.

இதே மாசாத்தியார்தான் புறநானூற்றின் 279-ஆம் பாடலையும் எழுதியவர். பிறந்த வீட்டு ஆணையும் கட்டிய கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்த பெண், செருப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். மேடைகள் தேர்ந்தெடுத்த மாசாத்தியார் இந்தப் பாடலின் மாசாத்தியார். வீரத்தாய் என்று சொன்னவுடன் கைதட்டல் விழும். குஞ்சுகளைத் தன்னிடம் கூப்பிடுகிற பேடையை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. ஒரே கவி இரண்டையும் எழுதியிருக்கிறாள். பிள்ளையை வெளியே அனுப்புகிறவளும் பிள்ளையை உள்ளே அழைக்கிறவளும் ஒரே கையிலிருந்து வந்தவர்கள். அந்தப் புறப்பாடலில் கேட்கும் குரல் அவளைப் புகழ்கிறதா, அவள் துணிவைக் கண்டு நடுங்குகிறதா என்பதும் ஒருமுறை மெதுவாக வாசித்துப் பார்க்க வேண்டியது. குறுந்தொகைப் பேடையைத் தெரிந்துகொண்டு வாசித்தால் நடுக்கம்தான் எனக்கு முதலில் கேட்கிறது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், வேலிக்கு வெளிய நிக்கிற பூனைக்கும் குட்டி இருக்கலாம்ல?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தொடர்ந்து, "நீங்க பூனைய பொம்பளையாக்குறீங்க. சாமியார்கள் சாமியாக்குனாங்க. பூனை எப்பதான் பூனையா இருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது, இப்போதும் பிடித்திருக்கிறது. வெருகுக்கும் குட்டி உண்டு. இளமைப் பெயர்களை வரிசைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல் வெருகின் இளையதைக் குட்டி என்றே சொல்கிறது. பேடைக்கு ஆபத்தாக வந்தவள் வேறெங்கோ ஒரு புதரில் மூன்று குட்டிகளைப் போட்டுவிட்டு மடி வற்றாமலிருக்க இரை தேடி வந்தவளாக இருக்கலாம். கூட்டமாக வந்தது என்ற பாடலின் செய்தியோடு இது முழுக்க ஒட்டவில்லைதான். பூனைகள் பொதுவாகத் தனியாகவே வேட்டையாடும். ஆனாலும் கேள்வி நிற்கிறது. பெண்ணின் துயரத்தைப் பேச விலங்கைக் கடன் வாங்கும்போது அந்த விலங்கின் துயரத்தை நாம் அடகு வைக்கிறோம். வங்காளத்தில் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். பிள்ளை வரம் தருகிற தெய்வம் அவள். அங்கே நோன்புக் கதை ஒன்று உண்டு: வீட்டுக்கு வந்த இளைய மருமகள் பசியில் பலகாரத்தை எடுத்துத் தின்றுவிட்டுப் பழியைக் கறுப்புப் பூனை மேல் போடுகிறாள். பூனை அடி வாங்குகிறது. பிறகு அவள் பெறுகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாக அது தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பசித்த மருமகளுக்குப் பூனையை விட்டால் பழி போட வேறு ஆள் இல்லை. அந்த வீட்டில் அவளுக்கும் கீழே இருந்த ஒரே உயிர் அதுதான். இந்தக் கதையைச் சொன்ன பெண்கள் அடுக்களையின் படிநிலையை நன்றாக அறிந்தவர்கள்.

என் மாணவியின் கேள்விக்குப் பொருத்தமான நூல் ஒன்று சொல் என்றால் டோரிஸ் லெஸ்ஸிங் பூனைகளைப் பற்றி 1967-இல் எழுதிய சிறு புத்தகத்தைச் சொல்வேன். 2007-இல் நோபல் பரிசு பெற்றபோது அவருடைய பெரிய நாவல்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். இந்தப் புத்தகத்தைப் பூனைப் பிரியர்களுக்கான ஓய்வுநேர வாசிப்பு என்று ஒதுக்குகிறவர்கள் அதன் தொடக்கப் பக்கங்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். தென் ரொடீஷியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், அவர் வளர்ந்த பண்ணை. பூனைகள் பெருகிக்கொண்டே இருக்கும். உபரிக் குட்டிகளைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்வது அம்மாவின் வேலை. அது வேலை என்றுகூட யாரும் பெயர் வைக்கவில்லை, நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அம்மா அதை நிறுத்திவிடுகிறாள். வீடு பூனைகளால் நிறைகிறது. ஒரு வாரக்கடைசியில் அம்மா வெளியூர் போய்விட, அப்பாவும் சிறுமியும் சேர்ந்து தீர்க்க வேண்டியதாகிறது. உலகப்போரிலிருந்து கொண்டுவந்த கைத்துப்பாக்கியால் அப்பா பூனைகளைச் சுடுகிறார்.

இதில் லெஸ்ஸிங் அம்மாவுக்காக ஒரு வரிகூட வாதாடவில்லை என்பதுதான் என்னை நிறுத்தியது. உருகவும் இல்லை. ஒரு பெண் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் செய்துவந்த அசிங்கமான வேலையை நிறுத்தினால், அதே வேலை ஒரு நாள் துப்பாக்கிச் சத்தத்தோடு நடக்கும் என்பதை நடந்தபடி வைத்துவிட்டு நகர்கிறார். பூனைகள் அங்கே பூனைகளாகவே சாகின்றன. எதற்கும் உவமை இல்லை. நம் ஊரில் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றங்கரையிலோ மீன் சந்தையிலோ விட்டுவிட்டு வரச் சொல்வது பாட்டிகள், போவது பேரன்கள். கடுவன் குட்டி என்றால் கேட்டு வாங்கிப்போக ஆள் உண்டு. பெட்டை என்றால் சாக்குதான். இதைப் பற்றித் தமிழில் இப்படி உருகாமல் எழுதப்பட்ட பக்கங்கள் இன்னும் பல வேண்டும்.

சாக்குக்கு மாற்று அறுவைச் சிகிச்சை. அங்கே பேச்சு இன்னும் சிக்கலாகிறது. பிழைத்த இரண்டு குட்டிகளில் ஒன்று பெட்டை. அதற்கு ஐந்து மாதம் ஆனபோது கருத்தடை செய்யலாம் என்றேன். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகக் கூடும், சினைக்காலம் ஒன்பது வாரத்துக்குச் சற்றே கூட, ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈத்து சாதாரணம். தெருவில் எதிர்ப்பு வந்தது. "பாவம், ஒரு தடவையாவது குட்டி போட்டுப் பார்க்கட்டும்." மருத்துவரீதியாக இதற்கு எந்த அடிப்படையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் பின்னாளில் மடிக்கட்டி வரும் வாய்ப்புக்கூட வெகுவாகக் குறைகிறது. 'ஒரு தடவையாவது' என்ற சொல் மருத்துவத்திலிருந்து வரவில்லை. முப்பது தாண்டியும் பிள்ளை பெறாத என் தோழிகள் ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் கேட்டுவரும் சொல் அது.

பெண்ணியவாதியான நான் கருத்தடைக்கு ஏன் அவசரப்படுகிறேன் என்று கேட்ட தோழியும் உண்டு. அவள் கேள்விக்குப் பின்னால் எண்கள் இருக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையைச் சார்ந்திருக்கும் மணமான பெண்கள் 37.9 விழுக்காடு. கணவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இணைகள் 0.3 விழுக்காடு. ஆணுக்குச் செய்வது எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சீக்கிரம் ஆறும். பூனையிலும் அப்படியே. கடுவனுக்குச் சில நிமிடம், பெட்டைக்கு வயிறு கீறித் தையல். இதிலிருந்து 'பூனையிலும் ஆணுக்கே செய்யுங்கள்' என்ற முடிவுக்குத் தாவுவது வசதியாக இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கணக்கு உதைக்கிறது. தெருவில் பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்குச் செய்தாலும் மிஞ்சிய ஒன்று எல்லாப் பெட்டைகளையும் சினையாக்கிவிடும். ஒரு பெட்டைக்குச் செய்தால் அதன் ஈத்துகள் அத்தனையும் நிற்கும். மனிதக் குடும்பத்தில் அந்தக் கணக்கு இல்லை. அங்கே ஒரு பெண், ஒரு ஆண், இருவரில் யார் என்பதை வழக்கம் தீர்மானித்துவிட்டது. பூனையை வைத்து மனிதருக்கு நியாயம் பேசுவதும், மனிதரை வைத்துப் பூனைக்கு நியாயம் பேசுவதும் இந்த இடத்தில் உடைந்துவிடுகின்றன. அப்படி உடைவது நல்லது. கடுவனுக்கும் செய்ய வேண்டும், சண்டைக் காயமும் அலைச்சலும் குறையும். அது கூடுதல் வேலை, பதில் வேலை அல்ல.

எதிர்வீட்டு அக்கா இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. மூன்றாவது பிரசவத்தோடு அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது 24 வயதில். ஒருநாள் படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர், குடலைக் குட்டிகளுக்குத் தள்ளியபடி சொன்னார்: "என்னையும் யாரும் கேக்கல. மயக்கம் தெளிஞ்சப்பொறவுதான் செஞ்சாச்சுன்னு மாமியார் சொன்னாவ. எனக்கும் வேண்டாம்னுதான் இருந்துச்சு. ஆனா கேட்டிருக்கலாம்லா." கொஞ்ச நேரம் கழித்து, "இதுட்ட கேக்க முடியாது. நீ கூட்டிட்டுப் போ. முந்தின ராத்திரி சோறு வைக்கக்கூடாதாம், நான் வைக்காமப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அன்றிரவு பட்டினி போட்டிருந்த பூனை விடிய விடிய அவர் கதவைப் பிறாண்டியிருக்கிறது. அவர் திறக்கவில்லை, தூங்கவும் இல்லை. காலையில் கூடைக்குள் தன் பழைய நைட்டி ஒன்றை விரித்துக் கொடுத்துவிட்டு, ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னார்.